ஏமாந்தால் எவ்வளவு போகும்: பணம் செலுத்தும் வழிகள், ஓர் ஒப்பீடு

கூகுள் பே நல்லதா, போன்பே நல்லதா, பேடிஎம் நல்லதா என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகிறது. மோசடியிலிருந்து தற்காத்துக்கொள்வதே நோக்கம் என்றால் இந்தக் கேள்வியால் பெரிய பயன் கிடைக்காது. மூன்று செயலிகளும் 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ என்ற ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. எதைத் திறந்தாலும் பணம் எடுக்கப்படுவது அதனோடு நாம் இணைத்துவைத்திருக்கும் வங்கிக் கணக்கிலிருந்துதான். ஆகவே ஒப்பிட வேண்டியது செயலிக்குப் பின்னால் நிற்கும் பணத்தை: அது சம்பளம் வந்து விழும் சேமிப்புக் கணக்கா, சிறு தொகை மட்டும் கிடக்கும் தனிக் கணக்கா, கிரெடிட் கார்டா, முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் வாலெட்டா, வங்கிக்கு நேரில் போய்ச் செய்யும் பரிமாற்றமா என்பதை.

இவற்றை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். ஒரு முறை ஏமாந்தால் அதிகபட்சம் எவ்வளவு போகும்? போகிற பணத்தை வழியில் தடுத்து நிறுத்த அவகாசம் உண்டா? தகராறு என்று வந்தால் விதி யார் பக்கம் நிற்கிறது? முதல் இரண்டும் எளிதில் விளங்கும். மூன்றாவதைப் பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் மின்னணு வழியில் பணம் எடுக்கப்பட்டால் இழப்பு யாரைச் சேரும் என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையில் வகுத்துச் சொன்னது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையிலுள்ள அமைப்பில் எங்கோ இருக்கிறது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு முழுத் தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய இழப்புக்கு உச்சவரம்பு உண்டு: குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்றச் சேமிப்புக் கணக்குகளுக்கும் 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுகளுக்கும் 10,000 ரூபாய். ஏழு நாட்களைக் கடந்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். புகார் பதிவான பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும், வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று சொன்னால் அதை மெய்ப்பிக்கும் சுமை வங்கியைச் சேர்ந்தது என்பனவும் அந்தச் சுற்றறிக்கையில் உள்ளன.

படிக்கும்போது இது உறுதியான பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் இதில் ‘அனுமதியில்லாமல்’ என்ற நிபந்தனை இருக்கிறது. ஓடிபி, பின் போன்றவற்றை வாடிக்கையாளரே பிறரிடம் சொல்லிவிட்டால், அவர் வங்கிக்குத் தகவல் தெரிவிக்கும் நேரம் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவரையே சேரும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. இன்று நம்மைச் சுற்றி நடக்கும் மோசடிகளில் பெரும்பாலானவை பூட்டை உடைப்பவை அல்ல. நம் கையாலேயே கதவைத் திறக்க வைப்பவை. பின் எண்ணை நாமே அழுத்தி அனுப்பிய பணத்தை ‘அனுமதியில்லாத பரிவர்த்தனை’ என்று வங்கி ஏற்றுக்கொள்வது அரிது. எனவே விதி காப்பாற்றும் என்று நம்பி ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதைவிட, ஏமாந்த நிலையிலும் இழப்பைச் சிறியதாக வைத்திருக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. கீழ்வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கருத்தை ஒட்டியே செல்கிறது.

முதலில், பெரும்பாலோர் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு: சம்பளமோ ஓய்வூதியமோ வரும் முதன்மைச் சேமிப்புக் கணக்கை யுபிஐயோடு நேரடியாக இணைத்துவைப்பது. வசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. மூன்று கேள்விகளில் இதைப்போல மோசமாகத் தேறுவதும் எதுவும் இல்லை. பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம் என்பதால் இழப்பின் அளவு பெரிது. பணம் நொடியில் போய்ச் சேர்வதால் இடைவெளி இல்லை. தவறுதலாகவே அனுப்பியிருந்தாலும், பெற்றவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய வங்கி அதைத் திருப்பித் தருவதில்லை. மோசடிக்காரரின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பணம் சில நிமிடங்களுக்குள் வாடகைக்கு எடுத்த வேறு பல கணக்குகளுக்குச் சிதறிவிடுகிறது.

யுபிஐயைக் குறிவைக்கும் ஏமாற்றுகள் பெரும்பாலும், பணம் வாங்குவதற்கும் பின் எண் தேவைப்படும் என்று நம்மை நம்பவைப்பதில்தான் நிற்கின்றன. பழைய கட்டிலையோ ஸ்கூட்டரையோ விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தவரை ஒருவர் அழைக்கிறார். ராணுவத்தில் பணிபுரிவதாகவும் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பதாகவும் சொல்கிறார். விலையில் பேரம்கூடப் பேசாமல், ‘இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வந்துவிடும்’ என்கிறார். பின் போட்டதும் விற்றவரின் கணக்கிலிருந்து பணம் போகிறது. கியூஆரை நாம் ஸ்கேன் செய்வது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. பின் எண்ணை அழுத்துவதும் அதற்கு மட்டுமே. பணம் பெற இவை இரண்டும் வேண்டியதில்லை. இந்த ஓர் உண்மை மனத்தில் பதிந்துவிட்டால் யுபிஐ மோசடிகளில் ஒரு பெரும் பிரிவு நம்மிடம் செல்லுபடியாகாது. இதே குழப்பத்தைப் பயன்படுத்திப் ‘பணம் கேட்கும்’ கோரிக்கைகளை அனுப்பி ஏமாற்றுவது பெருகியதால், தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. வணிக நிறுவனங்கள் அனுப்பும் கோரிக்கைகள் இன்னும் வருகின்றன என்பதால் பின் எண் கேட்கும் திரையைப் படிக்காமல் அழுத்தும் பழக்கத்துக்கு இப்போதும் இடமில்லை.

பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரும் முன்பைவிட நம்பகமானதாகியிருக்கிறது. பெறுபவர் தம் விருப்பப்படி வைத்துக்கொண்ட பெயரைக் காட்டாமல், வங்கிப் பதிவிலுள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று என்பிசிஐ 2025 ஜூன் 30ஐ இறுதி நாளாக வைத்து ஆணையிட்டது. மளிகைக் கடையின் கியூஆர் அட்டை மீது வேறொருவரின் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தால் இந்தப் பெயர்தான் காட்டிக்கொடுக்கும். கடைக்காரரிடம் பெயரை உரக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி, நான் மிகவும் பரிந்துரைக்கும் இரண்டாவது வழி: யுபிஐக்கென்றே வேறொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, ஒரு வாரத்துக்கோ பத்து நாட்களுக்கோ தேவைப்படும் தொகையை மட்டும் அதில் வைத்திருப்பது. யுபிஐயின் வேகமும் வசதியும் அப்படியே இருக்கும். முழுதாக ஏமாந்தாலும் போவது அந்தக் கணக்கில் கிடக்கும் சில ஆயிரங்கள்தான். முதல் கேள்விக்கு இது தரும் விடை ஒன்றே, மற்ற இரண்டிலும் உள்ள குறையை ஈடுசெய்துவிடுகிறது. குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் விழுமே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. பாரத ஸ்டேட் வங்கி 2020ஆம் ஆண்டிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த நிபந்தனையை நீக்கியது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்ற வகையை எந்த வங்கியிலும் இருப்புத் தொகையின்றித் திறக்கலாம். ஆனால் அந்த வகைக் கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது என்பதால், முதன்மைக் கணக்கு இல்லாத வங்கியில் திறப்பதே பொருத்தம். வேறு வங்கியாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒரே வங்கியில் இரண்டு கணக்குகள் இருந்தால் ஒரே நெட் பேங்கிங் நுழைவில் இரண்டும் தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் விட்டால் இரண்டாவது கணக்கு திறந்த பயன் பாதியாகிவிடும். யுபிஐ செயலி நம் வங்கிக் கணக்குகளைக் கைபேசி எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. இரண்டு கணக்குகளுக்கும் ஒரே எண் பதிவாகியிருந்தால், நம் கைபேசி ஒரு மோசடிக்காரரின் கட்டுப்பாட்டுக்குள் போகும்போது முதன்மைக் கணக்கையும் அதே செயலியில் இணைத்துவிட அவர் முயலலாம். புதிய பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களையும் காலாவதித் தேதியையும், அல்லது ஆதார் வழி ஓடிபியையும் நம்மிடமிருந்தே கறந்துவிட்டால் போதும். ஆகவே முதன்மைக் கணக்குக்கு வேறொரு கைபேசி எண்ணைப் பதிவுசெய்து, அந்தச் சிம்மைச் செயலிகள் எதுவும் நிறுவ முடியாத சாதாரண பட்டன் போனில் போட்டு வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது. அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய மறந்து அது கைவிட்டுப் போய்விடக் கூடாது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை நாள்தோறும் ஒரு முறையாவது பார்க்கவும் வேண்டும். இந்தச் சிறு தொல்லையை ஏற்க முடிந்தவர்களுக்கு இதைவிட வலுவான வேலி எனக்குத் தெரியவில்லை.

கைபேசி கட்டுப்பாட்டை இழப்பது எப்படி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘இன்றிரவு 9:30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற குறுஞ்செய்தியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. அந்த எண்ணை அழைத்தால் திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். போக்குவரத்து அபராத ரசீது, திருமண அழைப்பிதழ், வங்கியின் பரிசுப் புள்ளிகள் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவை நிறுவப்பட்டதும் நமக்கு வரும் ஓடிபிகளைப் படித்து வெளியே அனுப்பிவிடும். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. வங்கியின் எண் வேண்டுமானால் கார்டின் பின்புறத்திலிருந்தே எடுக்க வேண்டும். இணையதளம் வேண்டுமானால் முகவரி ‘பேங்க் டாட் இன்’ (.bank.in) என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வங்கிகள் அனைத்தும் அந்த முகவரிக்கு மாறுவதற்கு ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்திருந்தது.

யுபிஐ லைட், வாலெட் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். யுபிஐ லைட்டில் மொத்தம் 5,000 ரூபாய் வரை ஏற்றிவைத்து, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே செலுத்தலாம். பின் இல்லை என்பது அச்சம் தரலாம். ஆனால் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் நாலு பேர் பார்க்கப் பின் எண்ணை அழுத்துவதைத் தவிர்க்கிறது என்பது அதன் உண்மையான பயன். கைபேசிக்கும் செயலிக்கும் பூட்டு இருந்தால் சில்லறைச் செலவுக்கு இது நல்ல வழி. வாலெட்டும் இழப்பைத் தன்னிடம் ஏற்றிய தொகைக்குள் அடக்கிவிடும். தனிக் கணக்கு வைத்திருப்பவருக்கு அது கூடுதலாகத் தேவைப்படாது.

கார்டுகளுக்கு வருவோம். டெபிட் கார்டும் கிரெடிட் கார்டும் பார்வைக்கு ஒரே பிளாஸ்டிக் துண்டுகள். மோசடி நேரும்போது அவை இரண்டும் வெவ்வேறு திசையில் நிற்கின்றன. டெபிட் கார்டில் போவது நம் பணம். தகராறு முடியும் வரை கணக்கில் ஓட்டையோடு வீட்டு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் சமாளிக்க வேண்டியவர் நாம். கிரெடிட் கார்டில் முதலில் போவது வங்கியின் பணம்; பில் வருவதற்குள் ‘இந்தப் பொருள் வரவில்லை’, ‘இந்தச் செலவு என்னுடையது அல்ல’ என்று எழுத்தில் மறுக்க நமக்கு அவகாசம் உண்டு. கடைக்குப் போன தொகையை வங்கி வழியாகத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக் முறை இரண்டு வகைக் கார்டுகளுக்கும் உண்டு என்றாலும், காத்திருக்கும் காலத்தில் பணம் யார் கையில் இருக்கிறது என்பதே கிரெடிட் கார்டை மேலானதாக்குகிறது. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் பார்த்த, பெயர் கேள்விப்படாத ஒரு கடையில் சேலையோ காலணியோ வாங்க நேர்ந்தால், யுபிஐயை ஒதுக்கிவிட்டுக் கிரெடிட் கார்டைப் பயன்படுத்துங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். கார்டில் வாங்க முடியாது, ஒரு தனிநபரின் எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பினால்தான் பொருள் வரும் என்று கடை சொன்னால், அந்தப் பொருளை விட்டுவிடுவதே மேல்.

கடன் பழக்கம் வந்துவிடும் என்று கிரெடிட் கார்டைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த அச்சம் நியாயமானது. மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்ட இயலாதவருக்கு அதன் வட்டியே மோசடியைவிடப் பெரிய இழப்பாகிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது: அறிமுகமில்லாத கடைக்கு முன்பணமே கொடுக்க வேண்டாம், பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை போதும். அந்த முறையிலும் நாம் கேட்காத பொட்டலத்தை அனுப்பிப் பணம் வாங்குவது, பெட்டிக்குள் வேறு பொருளை வைப்பது போன்ற ஏமாற்றுகள் நடக்கின்றன. ஆனாலும் போவது அந்த ஒரு பொட்டலத்தின் விலைதான், கணக்கின் சாவி யார் கைக்கும் போகாது.

கார்டு எதுவாக இருந்தாலும், அதை எதற்குத் திறந்து எதற்கு மூடிவைப்பது என்ற முடிவு நம் கையில் இருக்கிறது. புதிதாக வழங்கப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் செருகிப் பயன்படுத்துவதற்கு மட்டுமே திறந்திருக்க வேண்டும், இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்துதல் ஆகியவற்றை வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே திறக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டில் விதித்தது. வாடிக்கையாளர் தாமே எந்த நேரத்திலும் இவற்றை மாற்றவும் உச்சவரம்பு வைக்கவும் வசதி தர வேண்டும் என்பதும் அதே ஆணைதான். டெபிட் கார்டில் இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் மூடிவிட்டு ஏடிஎம்முக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தேவைப்படும் நாளில் திறந்து, வேலை முடிந்ததும் மூடலாம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே கார்டு எண்ணை வைத்துப் பணம் எடுத்துவிட முடிந்திருக்கிறது என்பதே இதற்குக் காரணம். 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள் நம் கார்டு எண்ணைத் தங்களிடம் சேமித்துவைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு மாற்றுக் குறியீட்டைத்தான் வைத்திருக்கலாம். ஒரு கடையிலிருந்து தகவல் திருடப்பட்டாலும் நம் கார்டு எண் வெளியேறாது என்ற நிம்மதியை இந்த மாற்றம் தந்தது.

யுபிஐயையும் கிரெடிட் கார்டையும் சேர்க்கும் ஒரு நடுவழியும் இருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்துக் கடைக் கியூஆருக்குப் பணம் செலுத்தலாம். தனிநபரின் கணக்குக்கு அந்த வழியில் அனுப்ப முடியாது. பலர் இதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது ஒரு காப்பாகவே தெரிகிறது, ஏனெனில் ‘அவசரம், என் எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று ஓர் அறிமுகமற்ற குரல் கேட்கும்போது அந்த வழி தானாகவே மறுத்துவிடுகிறது.

பெருந்தொகைகளுக்கு வரும்போது ஒப்பீடு மாறுகிறது. வீட்டுக்கு முன்பணம், நிலத்துக்கு அச்சாரம், கல்லூரிக் கட்டணம் போன்றவற்றைத் துண்டு துண்டாக யுபிஐயில் அனுப்புவதைவிட வங்கிப் பரிமாற்றம் மேலானது. ஐஎம்பிஎஸ், ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற அதன் வகைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஐஎம்பிஎஸ் யுபிஐயைப் போலவே உடனடியானது. 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸும் அப்படியே. நெஃப்ட் அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுதியாகத் தீர்க்கப்படுகிறது. புதிய பெறுநரைச் சேர்த்தபின் சில மணி நேரம் காக்கவைப்பதும், அந்த இடைவெளியில் சிறு தொகையை மட்டும் அனுமதிப்பதும் பல வங்கிகளில் நடைமுறை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் கொடுத்ததும் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. முன்பு பெயரை நாம் எதுவாக எழுதினாலும் பணம் எண்ணைப் பார்த்தே போனது.

ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கும் மோசடிகள் ஓடுவதும் இந்தத் தடத்தில்தான். பங்குச் சந்தையில் சில வாரங்களில் பணம் இரட்டிப்பாகும் என்ற வாட்ஸ்அப் குழுக்கள், முதலில் சில நூறு ரூபாயைக் கொடுத்து நம்பிக்கையூட்டிப் பின் லட்சங்களைக் கேட்கும் டெலிகிராம் ‘பகுதி நேர வேலைகள்’, காவல்துறை அல்லது சிபிஐ அதிகாரி என்று காணொலி அழைப்பில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ ஆகியவை அனைத்தும் நம்மையே பணம் அனுப்பவைக்கின்றன. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தகைய மிரட்டலில் சிக்கியவர்கள் வைப்பு நிதியை முறித்துக்கூட அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஆபத்தை எதிர்கொள்ள, வைப்பு நிதியும் பெரும் சேமிப்பும் இருக்கும் கணக்கில் நெட் பேங்கிங்கைப் பார்வையிட மட்டுமே அனுமதிக்கும் நிலையில் வைத்துவிட்டு, பணம் எடுக்க வேண்டுமானால் கிளைக்கு நேரில் போவது என்று வைத்துக்கொள்வதே நான் கண்ட சிறந்த வழி. கிளைக்குப் போகும் அரை மணி நேரமும், ‘எதற்காக இவ்வளவு பெரிய தொகை?’ என்று மேசைக்கு அப்பால் இருப்பவர் கேட்கும் ஒரு கேள்வியும் எந்தச் செயலியும் தராத பாதுகாப்பு. வேகம் இங்கே நமக்கு எதிரி.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் முடிவு இன்னும் நுட்பமானது. அப்பாவின் கைபேசியில் யுபிஐயே வேண்டாம் என்று பிள்ளைகள் தடுத்துவிடுவதுண்டு. மருந்துக் கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மகனையோ மருமகளையோ எதிர்பார்க்க வைக்கும் அந்தத் தடை அவருடைய மதிப்பைக் குறைக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் இதற்கு ஒரு நல்ல மாற்று. இதில் பிள்ளை தம் கணக்கிலிருந்து பெற்றோர் செலுத்த அனுமதிக்கலாம்: முழு அதிகாரம் கொடுத்தால் மாதத்துக்கு 15,000 ரூபாய், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என்ற வரம்புக்குள் அவரே செலுத்துவார், பகுதி அதிகாரம் கொடுத்தால் ஒவ்வொரு செலவுக்கும் பிள்ளையின் கைபேசிக்கு ஒப்புதல் கேட்டு வரும். தம் சொந்த ஓய்வூதியத்திலிருந்து செலவு செய்வதையே விரும்பும் பெரியவருக்கு மேலே சொன்ன தனிச் சிறு கணக்கே மேல். ஓய்வூதியக் கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால், கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் போலிக் கைரேகையால் திருட்டு நடக்காதிருக்க, ஆதார் செயலியில் கைரேகை முதலிய உயிரளவுப் பதிவைப் பூட்டிவைக்கவும் வேண்டும். தேவைப்படும்போது அதைத் திறந்துகொள்ளலாம்.

சிறு கடை வைத்திருப்பவர்கள் பணம் பெறும் பக்கத்தில் நிற்பவர்கள். அவர்களுக்கான ஒப்பீடு வேறு. வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்புவதா, குறுஞ்செய்தியை நம்புவதா, ஒலிபெருக்கிப் பெட்டியை நம்புவதா என்றால், முதல் இரண்டையும் போலியாகத் தயாரிக்கும் செயலிகள் இருக்கின்றன என்பதால் பெட்டியின் குரலுக்கோ தம் செயலியில் ஏறிய வரவுக்கோ மட்டுமே பொருளைக் கொடுக்க வேண்டும். பெட்டியின் மாத வாடகை சிறு கடைக்குப் பாரம்தான்; இருந்தாலும் கூட்ட நேரத்தில் ஒரு போலித் திரைக்குப் பொருளைக் கொடுத்தால் அதைவிடக் கூடுதலாகவே போய்விடும். கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பிரித்துவைக்க இவர்களுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மோசடிப் பணம் நாலைந்து கைகள் மாறி ஒரு கடையின் கணக்குக்கு வந்துவிட்டால், புகாரின்பேரில் அந்தக் கணக்கில் பணம் முடக்கப்படலாம். குற்றமற்றவரும் அதை விடுவிக்க அலைய நேரிடும். வீட்டுப் பணமும் அதே கணக்கில் இருந்தால் அடுப்பெரிவதும் நின்றுவிடும். கமிஷன் தருகிறோம், உங்கள் கணக்கைச் சில நாட்கள் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று கல்லூரி மாணவர்களை அணுகுபவர்கள் தேடுவதும் இத்தகைய கணக்குகளைத்தான். கணக்கைக் கொடுத்தவரே வழக்கில் முதலில் சிக்குவார் என்பதை வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பணம் போன பிறகும் தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் உண்டு. அவற்றின் வரிசை முக்கியம். வங்கிக்கு ஓடுவதா, காவல் நிலையத்துக்குப் போவதா, 1930ஐ அழைப்பதா என்றால் முதலில் 1930. ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 2021 முதல் இயங்கும் நிதி மோசடிப் புகார் அமைப்பின் எண் இது. பணம் எந்தெந்த வங்கிகளுக்குப் போகிறதோ அவற்றுக்கு உடனே தகவல் போய், இன்னும் எடுக்கப்படாத தொகையை நிறுத்திவைக்க அது ஒன்றே விரைவான வழி. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், நம் வங்கியின் பெயர் ஆகியவை கையில் இருக்க வேண்டும். அடுத்து வங்கியின் உதவி எண்ணில் கார்டையும் யுபிஐயையும் முடக்கி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். 2017 சுற்றறிக்கையின் மூன்று நாள் கணக்கு வங்கிக்குச் சொன்ன நேரத்தை வைத்தே பார்க்கப்படுகிறது என்பதால், 1930இல் சொல்லிவிட்டோம் என்று வங்கியை விட்டுவிடக் கூடாது. தொலைபேசியில் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலாகவும் அனுப்பி, அதில் 1930 தந்த புகார் எண்ணைக் குறிப்பிட வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் விவரங்களை நிரப்புவதும் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுப்பதும் அதன்பின். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. இந்த இடைப்பட்ட நாட்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு யாராவது அழைத்தால் அதுவும் மோசடியே. அந்த எண்ணையும் அதே புகாரோடு சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும்.